விடுமுறை முகாமில் உணவும் உடற்பயிற்சியும்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் இளைஞர் முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோலக் கெட்டில், பாலிங் ஆகிய வட்டாரங்களில் தமிழ்ப் பள்ளி மண்டபத்திலோ கோயில் வளாகத்திலோ ஐம்பது அறுபது பிள்ளைகள் பாயும் தலையணையுமாக வந்து கூடுகின்றனர். மணிமன்றங்களும் சமய அமைப்புகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பெருமுயற்சி எடுத்து இவற்றை நடத்துகின்றன. வெளிநாட்டுக் கையேடுகள் இத்தகைய கூட்டத்தைக் கோடைக்கால முகாம் என்று குறிப்பிடும். ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் மாறி மாறிக் காணும் நமக்கு விடுமுறை முகாம் என்னும் பெயரே பொருந்தும்.

இம்முகாம்களில் ஒழுக்கம் பற்றியும் கல்வி பற்றியும் உரைகள் இடம்பெறுகின்றன. அண்மைக் காலமாக உடல்நலம் பற்றிய உரையும் தவறாமல் சேர்க்கப்பட்டு வருகின்றது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், நாம் நேரில் கண்ட ஒரு காட்சியை இங்குக் கூறாமல் இருக்க இயலவில்லை. தோட்டப் பள்ளியொன்றில் நடந்த முகாமில் இனிப்புநீர் நோயைப் பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் அரிய உரை நிகழ்த்தினார். பிள்ளைகளும் குறிப்பெடுத்துக் கொண்டனர். உரை முடிந்ததும் தேநீர் இடைவேளை. பெரிய வாளியில் பனிக்கட்டி மிதக்கும் சிவப்புச் சிராப்பு நீர், எண்ணெய் மின்னும் மீ கோரேங், சீனி தூவிய பலகாரம். உரையாற்றிய அன்பரும் ஒரு குவளை சிராப்பு அருந்தி விடைபெற்றார்.

அன்று அப்பிள்ளைகள் கற்றது எது? காதால் கேட்டதையா, நாவால் சுவைத்ததையா? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நமக்கு முதலில் புகட்டப்பட்ட பாடம், ஆசிரியர் சொல்வதைவிடச் செய்வதையே மாணவர் பின்பற்றுவர் என்பதாகும். முகாமில் சமையலறை எதைச் செய்கின்றதோ அதுவே பாடம். உரை அதற்கு விளக்கவுரை மட்டுமே.

இதனை ஏன் இவ்வளவு அழுத்திக் கூறுகின்றோம்? சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இரத்தத்தில் சீனியின் அளவு மிகுந்திருந்தது. இந்தியரிடையே அவ்வளவு நூற்றுக்கு 31. அதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவராயிருந்தனர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் வயதுவந்தோருள் பாதிக்கும் மேற்பட்டோர் அந்நிலையில் இருந்தது தெரியவந்தது. மேலும், ஆசிய மக்களுக்கு ஓரளவு உடல் பருத்த அளவிலேயே இந்நோய் தொடங்கிவிடுகின்றது என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியது. ஆகவே, "என் பிள்ளை அப்படியொன்றும் குண்டில்லையே" என்று எந்தத் தாயும் தேறுதல் கொள்வதற்கில்லை. கால் விரலை இழந்த பெரியப்பாவும், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் மாமாவும் இல்லாத குடும்பத்தை நம் தோட்டங்களில் தேடத்தான் வேண்டியுள்ளது.

தட்டு மாறவில்லை, உழைப்பு மாறிவிட்டது

நம் பெற்றோரும் பாட்டனாரும் சோற்றைக் குவித்து உண்டவர்கள்தாமே என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால், அவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நானூறு ஐந்நூறு இரப்பர் மரங்களை வெட்டி, பால் வாளியைத் தோளில் சுமந்து மேடு பள்ளங்களில் நடந்தவர்கள். உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. இன்னும் பல துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் சுங்கை பட்டாணித் தொழிற்பேட்டைகளிலும் நம் மக்கள் பலர் வேலை செய்கின்றனர். நிறுவனப் பேருந்து வாசலுக்கே வருகின்றது. பிள்ளைகளோ பள்ளிக்கு வாகனத்தில் சென்று, வீடு திரும்பிக் கைப்பேசியுடன் அமர்ந்துவிடுகின்றனர். தட்டின் அளவு மட்டும் பாட்டனார் காலத்தது. அதனுடன் பாட்டனார் அறியாத பொரித்த கோழியும் இனிப்புப் பானமும் வந்து சேர்ந்துள்ளன.

பழைய உணவைப் பற்றிப் பேசுகையில், நம் வாசகர் பலர் அறியாத ஒரு வரலாற்றைக் கூறல் தகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கால்கள் மரத்து வீங்கும், நடை தள்ளாடும், இறுதியில் இதயம் செயலிழக்கும். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட ஈயச் சுரங்கத் தொழிலாளரிடையே இது பெரிதும் காணப்பட்டது. தோட்டத்துத் தமிழரிடையே அரிதாகவே காணப்பட்டது. காரணம் என்னவென்று மருத்துவர்கள் வியந்தனர். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி என்பதை மருத்துவர் பிராடன் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். அக்காலத்திலேயே கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர், நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் அளித்துப் பார்த்தார். முதற்பிரிவில் நோய் பரவிப் பலர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது என்பதும், அச்சத்து இன்று பி1 எனப்படும் உயிர்ச்சத்து என்பதும் பின்னர்த் தெளிவாயின.

முன்னோர் செய்தவை யாவும் சிறந்தவை என்று நாம் கூற வரவில்லை. கள்ளுக் கடையும் அவர்கள் காலத்தில்தான் இருந்தது. ஆயினும், கெடாவின் வயல்கள் நாட்டின் நெற்களஞ்சியம் என்று புகழப்பெறும் இவ்வேளையில், எந்த அரிசியை எவ்வளவு உண்கின்றோம் என்பதை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க இவ்வரலாறு ஒரு நல்ல தொடக்கமாகும். முகாம் பாடத்தில் இதனைக் கதையாகக் கூறினால் அரைத்தூக்கத்தில் இருப்பவனும் நிமிர்ந்து அமர்வான். நாம் கூறிப் பார்த்திருக்கின்றோம்.

சீனிக் கணக்கு

முகாமில் மாற்ற வேண்டியவற்றுள் முதலாவது பானமே. அறுபது பிள்ளைகள் நாளொன்றுக்கு நான்கு குவளை இனிப்புப் பானம் அருந்துவதாகக் கொள்வோம். குவளைக்கு நான்கு தேக்கரண்டிச் சீனி. தேக்கரண்டி ஒன்றுக்கு ஐந்து கிராம். இக்கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளையே போடச் செய்தல் வேண்டும். நாளொன்றுக்கு 4,800 கிராம். மூன்று நாள் முகாமுக்குப் பதினான்கு கிலோவுக்கும் மேல். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 80 கிராம் ஆகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்குச் சேர்க்கப்படும் சீனி 50 கிராமுக்குள் இருத்தல் வேண்டும். 25 கிராமுக்குள் இருப்பின் இன்னும் நன்று. தேநீரில் ஊற்றும் கெட்டிப்பாலிலும் ஏறக்குறையப் பாதி சீனியே என்பதை இதனுடன் சேர்த்துக்கொள்க. இனிப்புப் பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை முதல் தனி வரி விதித்திருப்பதும், பின்னர் அவ்வரியை உயர்த்தியிருப்பதும் காரணமின்றி அன்று.

ஆதலின், முகாமில் கொதித்தாறிய நீரே முதன்மைப் பானமாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய புட்டியைக் கொண்டுவரச் செய்தால் நெகிழிக் குவளைகளும் குறையும். காலையில் சீனி குறைந்த தேநீர் கொடுக்கலாம். வெயில் வேளையில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் நீரோ உப்பு குறைத்த மோரோ கொடுக்கலாம்.

இதைச் சொல்வது எளிது. செய்வதில் ஓர் இடர் உண்டு. நம் முகாம்கள் பெரும்பாலும் நன்கொடையால் நடைபெறுபவை. கடைக்காரர் ஒருவர் பத்துப் பெட்டி இனிப்புப் பானத்தையும், மற்றொருவர் பெட்டி பெட்டியாக உடனடி மீயையும் அன்புடன் அனுப்பி வைக்கின்றார். வேண்டா என்றால் மனம் வருந்துவாரே என்று ஏற்பாட்டாளர்கள் அஞ்சுகின்றனர். உடனடி மீப் பொட்டலம் ஒன்றில், ஒரு நாளைக்குரிய உப்பின் அளவான 5 கிராமில் பாதியோ அதற்கு மேலுமோ அடங்கியிருத்தல் உண்டு. நம் கருத்து இதுதான்: நன்கொடை கேட்டு மடல் எழுதும்போதே பொருளின் பெயரையும் அளவையும் குறித்துக் கேட்க வேண்டும். முட்டை இருபது அட்டை, வாழைப்பழம் பத்துச் சீப்பு, தர்ப்பூசணி பதினைந்து, கொண்டைக்கடலை ஐந்து கிலோ என்று எழுதினால், கொடுப்பவருக்கும் வேலை எளிதாகின்றது. பீடோங் அருகே இவ்வாறு கேட்ட மன்றமொன்றிற்கு எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. ஒருவர் மட்டும், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் பப்பாளியும் சேர்த்து அனுப்பினார்.

சமையற்கட்டில்

நம் முகாம்களில் சமைப்பவர்கள் தோட்டத்துத் தாய்மார்களே. கோயில் திருவிழாவில் ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்ட கை அவர்களுடையது. அவர்களிடம் சென்று சத்துணவு அட்டவணையை நீட்டுவது முறையன்று. முகாம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னரே சென்று, அமர்ந்து பேசுதல் வேண்டும். அவ்வாறு நாம் பேசியபோது ஓர் அம்மையார் நேராகவே கூறினார்: "சார், கீரையும் காயும் ஆக்கிப் போட்டா பிள்ளைங்க தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சிரும். பானையோட கொட்டணும். மீ கோரேங்குன்னா ஒண்ணும் மிஞ்சாது. மிஞ்சினா என்னைத்தானே குறை சொல்லுவாங்க?"

அவர் கூறியதில் நியாயம் உள்ளது. பிள்ளைகள் உண்ணாத உணவு எவ்வளவு சத்துடையதாயினும் பயனற்றதே. அதற்கு நாம் கண்ட வழி, குழுவுக்கு ஒரு வேளை என்று பிள்ளைகளையே சமையலுக்குத் துணையாக அனுப்புவதாகும். முதல் நாள் மாலை ஒரு குழு பள்ளி வேலியோரத்து முருங்கையிலிருந்து கீரை பறித்து, உருவிக் கொடுத்தது. இன்னொரு குழு பயற்றங்காய் நறுக்கியது. நறுக்கியவன் தன் கறியைப் பிறர் ஒதுக்குவதைப் பொறுப்பானா? பரிமாறும்போது அவனே நின்று, "நான் வெட்டினது, சாப்பிடுடா" என்று அதட்டுகின்றான். நம் உரை சாதிக்காததை அந்த அதட்டல் சாதித்தது. முழுவதும் அன்று, பாகற்காய் அன்றும் மிஞ்சியது.

தட்டின் அளவைப் பொறுத்தமட்டில், சுகாதார அமைச்சு 2016 முதல் பரப்பி வரும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையே போதுமானது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது கிழங்கு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு ஆகியவற்றுள் ஒன்று. மீதிப் பாதி காய்கறியும் பழமும். முதல் வேளையில் ஒரு மாதிரித் தட்டைப் பரிமாறி மேசையின் தொடக்கத்தில் வைத்துவிட்டால் நீண்ட விளக்கம் தேவைப்படாது. கெம்போங் மீன் குழம்பும், அளவாகத் தேங்காய்ப்பால் சேர்த்த பூசணிக் கூட்டும், கங்கோங் கீரையும் கொண்ட தட்டு எவ்வகையிலும் ஏழைத் தட்டன்று.

காலையுணவில்தான் நம்மவர் பெரிதும் தவறுகின்றனர். நாசி லெமாக் பொட்டலத்தோடு காலை முடிந்துவிடுகின்றது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பட்ட பள்ளிக் காலை உணவுத் திட்டம் நமக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என நாளுக்கொன்றாகச் சமைத்து, அவற்றுடன் காய்கறிச் சாம்பாரைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்குகின்றனர். மாற்றி மாற்றிச் சமைப்பதால் சலிப்பில்லை. பெரிய பாத்திரத்தில் ஆக்குவதும் எளிது. நம் நாட்டிலும் 1979 முதல் வறிய மாணவர்க்குக் கூடுதல் உணவுத் திட்டம் நடைபெற்று வருகின்றது. அதனைச் சமைத்துப் பழகிய சிற்றுண்டிச்சாலை நடத்துநர் உங்கள் பள்ளியில் இருந்தால், அவரிடமே அறிவுரை கேட்கலாம். வெண்பொங்கலும் அவித்த முட்டையும் உண்ட பிள்ளை பத்து மணிக்குப் பலகாரம் தேடுவதில்லை. இடைவேளைக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ, பப்பாளித் துண்டோ போதும்.

தூய்மையைப் பற்றி ஒரு சொல். 2018 அக்டோபரில் பாலிங் வட்டாரத்தில் லக்சா உண்டவர் பலர் சால்மொனெல்லா என்னும் கிருமியால் பாதிக்கப்பட்டு, இருவர் உயிர் நீத்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நண்பகலுக்குரிய கறியை விடியற்காலையிலேயே ஆக்கி மூடி வைப்பது முகாம்களில் வழக்கமாக உள்ளது. இது பெருந்தவறு. சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்டு முடித்தல் வேண்டும். சமைப்போர் தைஃபாயிட் தடுப்பூசி போட்டிருத்தலும், உணவு கையாளும் பயிற்சி பெற்றிருத்தலும் அவசியம்.

திடலில்

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் மீண்டும் வலியுறுத்தியது. முகாமில் இது கடினமன்று. ஆயினும், நாம் காணும் மூன்று குறைகளைச் சுட்ட விரும்புகின்றோம்.

ஒன்று, உடற்பயிற்சியைத் தண்டனையாக்குவது. தாமதமாக வந்தவனுக்கு இருபது தண்டால், பேசியவளுக்குத் திடலை மூன்று சுற்று என்று விதிக்கும் பொறுப்பாளர்கள் இன்றும் உளர். ஓட்டத்தைத் தண்டனையாக அறிந்த பிள்ளை, முகாம் முடிந்த மறுநாள் தானே ஓடுவானா?

அடுத்தது, பெண்பிள்ளைகளின் நிலை. மாலையில் பையன்கள் திடலில் பந்து உதைக்க, பெண்பிள்ளைகள் வெங்காயம் உரித்துக் கொண்டிருப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கின்றோம். சமையல் பணி இரு பாலார்க்கும் பொது, திடலும் அவ்வாறே. பிற்காலத்தில் தாயாகப்போகும் பெண்ணின் உடல்நலம் அடுத்த தலைமுறையின் உடல்நலமும் ஆகும் என்பதை மருத்துவ உலகம் திரும்பத் திரும்பக் கூறி வருகின்றது.

இன்னொன்று, பருத்த பிள்ளையைக் கேலி செய்வது. முகாமில் எல்லார் முன்னிலையிலும் எடை பார்த்து உரக்கப் படிக்கும் வழக்கத்தை உடனே விட்டொழிக்க வேண்டும். அணி பிரிக்கையில் இறுதி வரை எவரும் அழைக்காமல் நின்ற ஒரு பையன், மறுநாள் காய்ச்சல் என்று பாயிலேயே படுத்துக்கொண்டான். காய்ச்சல் இல்லை என்பது நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவனை வற்புறுத்தி எழுப்பாமல், மாலையில் சிலம்பம் பழக்க வந்த ஆசான் கையில் கம்பொன்றைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கம்பு சுழற்றுவதில் அவனை விஞ்ச அன்று அங்கு எவருமில்லை. எல்லாரையும் ஓட்டப் பந்தயத்தில் நிறுத்துவதே உடற்பயிற்சி என்று கருதும் பொறுப்பாளர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கபடி, கிளித்தட்டு, எறிபந்து, கயிறு தாண்டல், கோலாட்டம் எனப் பலவும் இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றதொன்று கிடைக்காமற் போகாது.

ஜெராய் மலையும் அதன் அடிவாரத்துப் புஜாங் பள்ளத்தாக்கும் நம் பக்கத்திலேயே உள்ளன. கடாரத்தின் பழஞ்சின்னங்களைக் காணப் பேருந்தில் சென்று இறங்குவதைவிட, இரண்டு மூன்று கிலோமீட்டராவது நடந்து சென்று காண்பது வரலாற்றுக்கும் நன்று, காலுக்கும் நன்று. 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய மலேசியர் இருவர் மகேந்திரனும் மோகனதாசும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

நேரத்தைத் தேர்வதில் விழிப்பு தேவை. ஆண்டின் முதல் மாதங்களில் வட கெடாவின் வெயில் கடுமையானது. 2016 மார்ச்சில் வெப்பம் 37 பாகையைத் தாண்டியமையால் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் பெர்லிஸ் மாநிலத்திலும் பள்ளிகள் மூடப்பட்டன. ஆகவே காலை ஒன்பதுக்கு முன்னரும் மாலை ஐந்துக்குப் பின்னரும் திடலுக்குச் செல்க. இடையில் நீர் அருந்த அனுமதி கேட்கும் வழக்கமே வேண்டா. தாகமெடுத்தவன் தானே குடித்துக்கொள்ளட்டும்.

முகாம் மூன்று நாளில் முடிந்துவிடும். வீட்டு அடுப்போ என்றும் எரிவது. ஆதலின் நிறைவு நாள் விருந்துக்குப் பெற்றோரை அழைத்து, அதே கால், கால், பாதித் தட்டில் பிள்ளைகளே அவர்களுக்குப் பரிமாறட்டும். நாம் முன்னர்க் குறிப்பிட்ட அம்மையார் சமைத்த முகாமில் அவ்வாறே நடந்தது. "வீட்டுல ஒரு நாளும் கீரையைத் தொடாதவன் சார் இவன்" என்று ஒரு தாய் வியந்து நின்றார். அன்று மாலை சமையற்கட்டைக் கூட்டியபோது, வழக்கப்படி வாங்கி வைத்த சீனியில் ஆறு பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. கடைக்காரர் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்பணத்தில் மன்றத்தினர் இரண்டு எறிபந்து வாங்கினர்.

இத்தகைய முகாம் நடத்த விரும்பும் அமைப்புகள், ஒரு மாதத்திற்கு முன்னரே தத்தம் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு எழுதினால், உணவியல் அதிகாரியின் ஆலோசனையையும் தட்டுப் படங்களையும் கேட்டுப் பெற முயலலாம். மடலில் முகாம் நடைபெறும் இடம், நாள், பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது ஆகியவற்றுடன், சமைப்பவர் யார் என்பதையும் குறிப்பிடுங்கள். அதிகாரி வருகின்ற நாளில் அவரை முதலில் மண்டபத்திற்கு அன்று, சமையற்கட்டுக்கே அழைத்துச் செல்லுங்கள்.